ஜூலையில் சூரியன் வேகமாகச் சுற்றியது

2025 மே 12, திங்கள்

ஆகஸ்ட் மாதப் படங்கள் முடிந்தன. அறுநூற்றுப் பதினெட்டுப் புள்ளிகள். கோடை விடுமுறை என்று பேர். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரை எழுந்திருப்பதில்லை. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, அப்படி ஒரு வெயில். டேபிள் ஃபேனை மடிக்கணினிப் பக்கம் திருப்பி வைத்திருந்ததை மாமியார் பார்த்துவிட்டார்கள்.

"மனுசருக்கு இல்லாத காத்து மிஷினுக்கா?" என்றார்கள். பிறகு திரையைக் குனிந்து பார்த்து, "இன்னுமா அந்தக் கரோனாவப் பாத்துக்கிட்டு இருக்க?"

நோய் வந்த வருடத்திலிருந்து மாமிக்கு அந்தப் பெயர்மேல் கோபம். சூரியனின் வெளி அடுக்குக்கு அந்தப் பெயர் எப்போதோ வைத்தாயிற்று என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். இன்றும் சொன்னேன். விண்கலம் எடுக்கும் படத்தில் அந்த அடுக்கில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளி இப்போது எங்கே, நாளை இதே நேரம் எங்கே என்று குறித்தால் சூரியன் தன்னைத்தானே சுற்றும் வேகம் கிடைத்துவிடும்.

"சூரியன் சுத்துதா? பூமிதான சுத்தும்."

"ரெண்டும் சுத்துது மாமி."

"நல்லாச் சுத்துச்சு போ" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

முனைவர் பட்டப் பதிவுக் காலம் செப்டம்பர் 30-உடன் முடிகிறது. இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது, இனி கிடையாது. கல்லூரியில் ஒப்பந்த வேலை, வீடு, மீதி நேரத்தில் முனைவர் பட்டம் என்று ஏழு வருடம் ஓடிவிட்டது. நல்லவேளை, மார்ச்சில் கட்டுரை வந்துவிட்டது. 2024 ஜனவரியில் சூரியனின் நடுக்கோடு நாளொன்றுக்கு 14.42 டிகிரி சுற்றியது, ஜூனில் 14.48, கரும்புள்ளிகள் பெருகப் பெருகச் சுழற்சியும் வேகமெடுத்தது — இதுதான் கட்டுரை. பெயர்கள் மூன்று. நான், பாதிப் புள்ளிகளைக் குறித்துக் கொடுத்த என் எம்.எஸ்சி. மாணவி சத்யபிரியா, திருநெல்வேலியில் இருக்கும் என் வழிகாட்டி நவநீதகிருஷ்ணன் சார்.

கல்லூரி வாசலில் அன்றைக்கு வைத்த பேனர் இன்னும் இருக்கிறது. என் முகம், பக்கத்தில் என் முகத்தைவிடச் சின்னதாக ஒரு சூரியன். அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இப்போது பார்ப்பது அதன் தொடர்ச்சி, ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. ஜூலை 14.48. ஆகஸ்ட் 14.47. ஒரு இம்மி குறைவு. பரவாயில்லை.

மே 15, வியாழன்

செப்டம்பர் 14.46. மறுபடி பார்க்க வேண்டும்.

மே 19, திங்கள்

மறுபடி பார்த்தேன். 14.46 தான். அக்டோபர் 14.44.

சாருக்குப் போன் போட்டேன். "கரும்புள்ளி குறைஞ்சிருக்கும்மா, சுழற்சியும் குறையுது. உன் கட்டுரைக்கு அது பலம்தான்" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தால் கரும்புள்ளி அப்படிச் சீராகக் குறையவில்லை. ஆகஸ்டுதான் வருடத்திலேயே உச்சம், அக்டோபரும் செப்டம்பரைவிடக் கூடுதல். கட்டுரைப்படி வேகம் கூடியிருக்க வேண்டும்.

ஏன் குறைகிறது? என்ன விட்டேன்?

மே 22, வியாழன்

சத்யபிரியா கூப்பிட்டாள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி. நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். ஜூன் 18. "எழுநூறு பேர்ல நாப்பது பேரு மேடம். நம்ம கட்டுரையப் பாத்துதான் கூப்பிட்டிருக்காங்க, மெயில்லயே போட்டிருக்கு."  எப்போதும்வென்றான் என்ற கிராமத்தில் மானாவாரி வெள்ளாமைக்காரர் மகள். அவர்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியதே இவள்தான்.

சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். ஆனால் போனை வைத்துவிட்டு மடிக்கணினிப் பக்கம் திரும்பினேன். நவம்பர் 14.43 என்று அப்போது திரையில் இருந்தது.

மே 26, திங்கள்

டிசம்பர் 14.42. ஜனவரியில் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. வரைந்து பார்த்தால் ஏறி இறங்கும் மேடு மாதிரி இருக்கிறது. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி அத்தனை ஒழுங்கு. சூரியன் இப்படி ஒழுங்காக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஒன்றை எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இன்று சத்யபிரியா குறித்த புள்ளிகளை மட்டும் தனியே பிரித்து மறுபடி அளந்தேன். தப்பு அவளுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று மணி நேரம். ஒன்றுகூடத் தப்பில்லை. என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

மே 29, வியாழன்

திருநெல்வேலியில் விடைத்தாள் திருத்தும் முகாம். காலையில் முப்பது தாள், மதியம் முப்பது. மூன்றாம் கட்டுத் தாள்களில் கெப்ளர் விதி கேட்டிருந்தார்கள், ஐந்து மதிப்பெண். ஒரு பிள்ளை கோணல்மாணல் எழுத்தில் எழுதியிருந்தது: "சூரியனுக்கு அருகில் வரும்போது கோள் வேகமாகச் செல்லும். எ.கா. பூமி ஜனவரியில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் செல்கிறது." படமும் போட்டிருந்தது. ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதற்கடுத்ததையும் திருத்திவிட்டேன்.

அப்புறம்தான் கை நின்றது.

கட்டைப் பிரித்து அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். ஜனவரியில் வேகம். ஜூலையில் மெதுவாக. பக்கத்து மேசை மேடம், "என்ன, காப்பி அடிச்சிருக்கானா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். 

பஸ்ஸில் வரும்போது முழுவதும் ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தேன். கணக்குப் போடும் நிரலில் அந்த எண்ணை மாற்றினேனா? மாற்றியிருப்பேன். மாற்றாமல் இருப்பேனா?

மே 30, வெள்ளி

மாற்றவில்லை.

நாம் சூரியனை ஓரிடத்தில் நின்று பார்க்கவில்லை. பூமியும் அதே திசையில் சுற்றிவந்துகொண்டேதான் பார்க்கிறது. அதனால் சூரியன் உள்ளதைவிட மெதுவாகச் சுழல்வதுபோலத் தெரியும். அந்தக் குறைவை நாம் கூட்டிக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 0.9856 டிகிரி. சராசரிதான் அது. பூமி ஜனவரியில் வேகமாகப் போகும், 1.02 கூட்ட வேண்டும். ஜூலையில் 0.95 போதும். நான் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எழுதிய நிரலைத் திறந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் நானே தட்டி வைத்த குறிப்பு: "இப்போதைக்கு இது. பிறகு மாற்றணும்."

சரியான எண்களைப் போட்டு ஓட்டினேன். நாற்பது வினாடி. பன்னிரண்டு மாதமும் 14.45. தட்டையான கோடு. சூரியன் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டுரையில் நான் அளந்தது பூமியின் வேகத்தை. அது நானூறு வருடமாக எல்லோருக்கும் தெரியும். இப்போது நான் திருத்தும் தாளில் பி.எஸ்சி. பிள்ளைக்குத் தெரிகிறது.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது அந்த எண். ஒளிக்கவில்லை. இரண்டு நடுவர்கள் படித்தார்கள், சார் படித்தார், நான் முப்பது தடவை படித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

என் கணவர் அஃப்ஜலிடம் சொன்னேன். அவர் பெயின்ட் கடைக்கு இன்று விடுமுறை. ஊஞ்சலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"அப்ப—" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஊஞ்சலைக் காலால் உந்தினார். "கலரு மாத்திக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா, சுவத்துல அடிக்க முந்தி ஓடிப் போய்ச் சொல்லிருவேன்."

"அடிச்ச பிறகு தெரிஞ்சா?"

"தெரியல ருமானா" என்றார்.

சத்யபிரியாவுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அவள் அந்தக் கட்டுரையைத்தான் அங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறாள்.

ஜூன் 7, சனி

பக்ரீத் பெருநாள். காலையிலிருந்து வீடு நிறைய ஆள். சின்ன மாமனார் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "நம்ம வீட்டுப் புள்ள, சூரியனையே அளந்துட்டு" என்றார். நான் சிரித்தேன். பிரியாணி இறங்கவில்லை. 

ஜூன் 9, திங்கள்

சாரைப் பார்த்துவிட்டு வந்தேன். அறை முழுக்க அட்டைப்பெட்டி. முப்பதாம் தேதி ஓய்வு பெறுகிறார், புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வரைபடங்களையும் மேசையில் வைத்தேன், மேட்டையும் தட்டைக் கோட்டையும்.  பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த எண் மூணாம் பக்கம் இருக்குல்லா?"

"ஆமா சார்."

"நான் படிச்சேனேம்மா." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இருபத்தெட்டு வருசமா இந்தப் பாடம் நடத்துதேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் "வீட்டுக்கு" என்றும் இன்னொன்றில் "யாருக்காவது" என்றும் எழுதியிருந்தது.

"இப்ப ஒண்ணும் செய்யாத. அந்த இயலை எடுத்துட்டு தீசிஸைக் குடு. பட்டம் கைக்கு வரட்டும். அப்புறம் திருத்தம் போட்டுக்கிடலாம். சூரியன் எங்கயும் ஓடிராது."

"சத்யபிரியாவுக்குப் பதினெட்டாம் தேதி நேர்முகம் சார்."

"அவகிட்ட சொல்லாத. பயந்துரும்."

கெட்ட மனிதர் இல்லை. எனக்காக எத்தனை தடவை பல்கலைக்கழக அலுவலகத்தில் போய் நின்றிருக்கிறார். இப்போது பயப்படுவது அவரும்தான். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

போனேன். எட்டயபுரத்தில் பஸ் மாறி எப்போதும்வென்றான், சத்யபிரியா வீட்டுக்கு. புஞ்சைகள் எல்லாம் வெடித்துக் கிடக்கின்றன, ஒரு பச்சை கிடையாது. இன்னும் மூன்று நாலு மாதம் அப்படித்தான்.

அவள் அப்பா சின்னக்கருப்பன் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். "வாங்க டீச்சர். நீங்க வாரேன்னு சொன்னதுலேருந்து புள்ளைக்கு இருப்பே கொள்ளல." வீட்டில் நுழைந்ததும் புதுப்பெட்டியைக் காட்டினார். நீலம், சக்கரம் வைத்தது. பதினாறாம் தேதி சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டதாம், அவரும் கூடப் போகிறாராம். "நான் வாசல்ல உக்காந்துக்கிடுவேன். அவிய இங்கிலீசுல கேப்பாவ, நமக்கென்ன தெரியும்" என்று சிரித்தார். பிறகு கலர் சோடா வாங்கி வருவதாகக் கடைக்குப் போனார்.

அந்த ஐந்து நிமிடம்தான் கிடைத்தது.

"சத்யா, கட்டுரையில ஒரு தப்பு இருக்கு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். "பூமியோட வேகம்—"

"0.9856" என்றாள். நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். சிரிப்பு அப்படியே நின்றது. "நான் கேட்டேனே மேடம்."

"என்ன கேட்ட?"

"போன வருசம். லேப்ல. இது வருசம் பூரா ஒண்ணுதானா மேடம்னு கேட்டேன். வித்தியாசம் சின்னது, பிறகு பாத்துக்கிடலாம்னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை என் வார்த்தைதான்.

"எவ்வளவு மேடம் மாறுது?"

"எல்லாம். தட்டையா வந்துட்டு."

திருத்திய வரைபடத்தை நீட்டினேன். வாங்கவில்லை. கட்டிலில் வைத்தேன். அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். இரண்டு பேரும் கலர் குடித்தோம். "என்ன, ரெண்டு பேரும் பரிச்சைக்கு உக்காந்த மாதிரி இருக்கிய" என்றார் அவர். சத்யபிரியா, "இல்லப்பா, மேடம் பாடம் சொல்லுதாவ" என்றாள்.

பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை.

ஜூன் 14, சனி

அவளிடமிருந்து செய்தி: "மேடம் 18 முடியிற வரைக்கும் ஜர்னலுக்கு எழுதாதீங்க. ப்ளீஸ்."

அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி" என்று போட்டேன். ஒரு வார்த்தை. வேறு என்ன போட முடியும்? சின்னப் பிள்ளை, அவள் வாழ்க்கை. நான் கெடுத்தது, இன்னும் நாலு நாள் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

சாரும் பொறு என்கிறார். அவளும் பொறு என்கிறாள். பொறுக்கத்தான் எனக்கும் பிடித்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

காலை ஒன்பதிலிருந்து போன் கையில். மத்தியானம் மூன்று தடவை சோறு எடுத்து வைத்து, சாப்பிடாமல் மூடினேன்.  கடைசியில் மாமியே தட்டில் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்கள், சாப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

கூப்பிடவில்லை.

ஜூன் 19, வியாழன்

கூப்பிட்டாள். ரயிலிலிருந்து, இரைச்சலோடு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு அம்மா கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு. "இது என்னம்மா?" என்று கேட்டதும் இவள் பையிலிருந்து நான் வைத்துவிட்டு வந்த வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். தப்பு என்று சொல்லிவிட்டாள். கரும்பலகைக்குப் போகச் சொன்னார்கள். பூமியின் வேகத்தை மாதவாரியாகப் போட்டு, எப்படி மேடு வந்தது, எப்படித் தட்டையாகும் என்று அரை மணி நேரம் எழுதிக் காட்டியிருக்கிறாள். "அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு மேடம். ஒருத்தர் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு."

பிறகு அந்த அம்மா கேட்டிருக்கிறார், இது எப்போது தெரிந்தது என்று. மே முப்பது, வரைபடத்தின் ஓரத்திலேயே தேதி இருக்கிறது. ஜர்னலுக்கு எழுதியாயிற்றா? இல்லை. ஏன்?

"அதுக்கு நான் என்ன சொல்ல மேடம்? பேசாம நின்னேன். உங்க பேரச் சொல்லல. என்னையும் சொல்லிக்கிடல. அந்தம்மா பேனாவ மூடி வச்சிட்டாங்க. சாயங்காலம் பட்டியல் போட்டாங்க, நான் இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் பயத்துல எழுதாதீங்கன்னு சொன்னேன். நான் சொல்லுவேன் மேடம், எனக்கு வேற என்ன தெரியும். நீங்க ஏன் சரின்னு சொன்னீங்க?"

பின்னால் அவள் அப்பா, "யாருட்டி, டீச்சரா? நான் பேசுதேன் குடு" என்றது கேட்டது. லைன் போய்விட்டது.

ஏன் சொன்னேன்? அவளுக்காகவா? இல்ல. எனக்கும் நாலு நாள் வேணும்னு இருந்துச்சு. அம்புட்டுதான்.

ஜூன் 20, வெள்ளி

ஜர்னலுக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை எழுதி நாலாவதை வைத்துக்கொண்டேன். எது தப்பு, யாருடைய நிரல், எப்போது தெரிந்தது, ஏன் மூன்று வாரம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் "என் தயக்கம்" என்று மட்டும் போட்டேன். முடிவுகளைத் திரும்பப் பெறுகிறோம். திருத்திய அட்டவணை இணைப்பில்.

மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். சாருக்கு அனுப்பினேன், திட்டுவார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அனுப்பு. வழிகாட்டி என்ற முறையில் இதைக் கவனிக்கத் தவறியது நான் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்." சேர்த்தேன்.

சத்யபிரியாவிடமிருந்து ஒரே சொல்: "சம்மதம்."

ஜும்ஆ தொழுகைக்கு அஃப்ஜல் கிளம்பும்போது அனுப்பினேன். அவர் திரும்பி வரும்வரை நாற்காலியிலேயே இருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

கல்லூரிச் செயலர் ராமசுப்புவைப் பார்த்துச் சொன்னேன். தன் தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சூரியன் வேகமாச் சுத்தலையா மேடம்?"

"இல்ல சார்."

"மெதுவாவும் சுத்தலையா?"

"எப்பவும் போலத்தான் சார்."

"எப்பவும் போலத்தான்னா, அதுக்கு எதுக்கு மேடம் நாம பேனர் வச்சோம்."

 ஆகஸ்டில் தரச்சான்றுக் குழு வருகிறதாம், கட்டுரைப் பட்டியலில் அது முதல் வரியில் இருக்கிறதாம், அதுவரைக்கும் தள்ளிப்போட முடியாதா என்றார். கடிதம் போய்விட்டது என்றேன். "போயிருச்சா" என்றார். கோபப்படவில்லை. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

மதியமே பேனரை இறக்கிவிட்டார்கள். வாட்ச்மேன் வெயிலுமுத்து அண்ணாச்சி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, "மேடம், இத நான் கொண்டுபோகட்டா? கோழிக்கூட்டு மேல போட்டா மழைக்கு நிக்கும்" என்றார். தாராளமா கொண்டுபோங்க என்றேன். பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

ஜூலை 4, வெள்ளி

இன்று பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில். ஜர்னலிலிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று மட்டும் வந்திருக்கிறது. சத்யபிரியாவுக்கு மூன்று செய்தி அனுப்பிவிட்டேன். படித்ததாக நீல அடையாளம் விழுகிறது. பதில் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

"பாடவேளைகள் குறைந்ததால்" இந்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒரு பக்கக் கடிதம். ராமசுப்பு சார் கையெழுத்து அழகாக இருக்கும்.

அஃப்ஜலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திரும்பக் கொடுத்தார். "மத்தியானம் நெய்ச்சோறு போடச் சொல்லுதேன் உம்மாகிட்ட" என்றார்.  அழுதேன். சோறு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

திருத்தம் வெளியாகிவிட்டது. ஆறு வரி. காலையிலிருந்து யாராவது எழுதுவார்கள், சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை. கட்டுரையைத்தான் எத்தனை பேர் படித்தார்களோ.

செப்டம்பர் 29, திங்கள்

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். கடைசி நாளுக்கு முந்தின நாள். நாலாம் இயலைப் புதிதாக எழுதினேன்: எங்கே தப்புச் செய்தேன், எப்படித் தெரிந்தது, பன்னிரண்டு மாதமும் 14.45. புதிதாக ஒன்றுமில்லை. உலகத்தில் எல்லோரும் அளந்த அதே வேகத்தை நானும் அளந்திருக்கிறேன்.

நாலு பிரதி, கடையை அடைத்துவிட்டு அஃப்ஜலும் வந்தார், தூக்க.  வாய்மொழித் தேர்வில் இந்த இயலை வைத்துத்தான் கிழிப்பார்கள்.

2026 ஜனவரி 6, செவ்வாய்

இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இன்று கெப்ளர். நடத்தினேன். ஜனவரி, ஜூலை என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வாய்மொழித் தேர்வு மார்ச் 11. ரமலான் நோன்பு நேரம். புறத்தேர்வாளர் கடுமையானவர் என்கிறார்கள். யாரும் வரலாம் என்று சுற்றறிக்கை போடுவார்கள். யாரும் வராமல் இருக்க வேண்டும். தூக்கமில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்தால் கேள்விகள்தான் வருகின்றன, பதில் வருவதில்லை.

மார்ச் 11, புதன்

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குத் தொடங்கியது.  நவநீதகிருஷ்ணன் சார் முன்வரிசையில், வெள்ளைச் சட்டை, ஓய்வு பெற்ற பிறகு இளைத்திருந்தார். புறத்தேர்வாளர் நாலாம் இயலில் ஒன்றும் கிழிக்கவில்லை. "இதை ஏன் எடுத்துவிடாமல் வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அடுத்தவர் இதே இடத்தில் விழாமல் இருக்கலாம் என்றேன். குறித்துக்கொண்டார்.

பிறகு, பார்வையாளர்கள் யாராவது கேட்கலாம் என்றார். இருந்தது பதினைந்து பேர்தான். பின்னாலிருந்து ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

சத்யபிரியா.

எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியாது. ஒன்பது மாதம் கழித்து அவள் குரலை இப்போதுதான் கேட்கிறேன். தாளைப் பார்த்துப் படித்தாள். "இந்த வெள்ளைப் புள்ளிகள் சூரியனின் மேற்பரப்பிலேயே இருப்பதாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். அவை மேற்பரப்புக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் மேலே மிதக்கலாம். உயரத்தில் இருக்கும் புள்ளி, உள்ளதைவிட வேகமாக நகர்வதாகத் தெரியும். அப்படியென்றால் உங்கள் 14.45-உம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் அல்லவா? எவ்வளவு கூடுதல்?"

 சார் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இருக்கலாம்" என்றேன். "எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. உயரத்தை நான் அளக்கவில்லை. ஆய்வேட்டில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை."



"நன்றி" என்று உட்கார்ந்தாள். புறத்தேர்வாளர் அவள் பக்கம் திரும்பி, நீங்கள் எங்கே ஆய்வு செய்கிறீர்கள் என்று கேட்டார். மதுரையில், ஜனவரியிலிருந்து என்றாள். எனக்கு அது இன்றுதான் தெரியும். உயரத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள்.

வெளியே வந்து எல்லோரிடமும் பேசிவிட்டுத் தேடினால் அவளைக் காணோம். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில், எங்கள் ஊருக்குப் போகும் கோவில்பட்டி பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அலுவலகத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்து நான் அங்கே போகச் சாயங்காலம் ஆகிவிட்டது. என் கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "நோன்பாளியா மேடம்? திறக்க இன்னும் எவ்வளவு நேரம்?" என்றாள்.

"பத்து நிமிசம்."

போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒன்பது மாதம் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது சத்யா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. நான் பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும் வரை காத்திருந்தாள்.

"நாம குறிச்ச புள்ளியெல்லாம் இப்பவும் வச்சிருக்கீங்களா மேடம்? ஏழாயிரத்துச் சொச்சம்?"

"இருக்கு."

"அத எனக்கு அனுப்புங்க. உயரத்த நான் பாத்துக்கிடுதேன். வேகத்த நீங்க பாருங்க."